நாற்பது லட்சக் கோட்டின் முன் நிற்கும் கடைக்காரருக்கு

குன்னூரில் சின்ன வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுவதும் ஜிஎஸ்டி தாக்கல் செய்வதும் என் பிழைப்பு. சாக்லேட் கடை, பேக்கரி, ஹோம்ஸ்டே, காய்கறி மண்டி, ஒன்றிரண்டு தேயிலை ஃபேக்டரி என்று கலவையான கூட்டம். பொங்கல் முடிந்ததும் போன் அடிக்க ஆரம்பிக்கும். "அக்கா, முப்பத்தாறு ஆயிடுச்சு. இனிமே பில் போடட்டுமா, வேண்டாமா?" ஆள் மாறும், கேள்வி மாறாது. வருஷ விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம், அந்தக் கோட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

கோட்டுக்குக் கீழே நிற்பதற்காகக் கடையைச் சீக்கிரம் சாத்துவது, மனைவி பெயரில் இன்னொரு போர்டு மாட்டுவது, யுபிஐ அட்டையை ஒளித்து வைப்பது எல்லாம் நம் ஊரில் நடக்கிறதுதான். அதில் எதையாவது செய்வதற்கு முன்னால், தாண்டினால் கையை விட்டு எவ்வளவு போகும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுதிப் பார்த்த பல பேர் "இவ்வளவுதானா?" என்றுதான் கேட்டிருக்கிறார்கள். சிலருக்கு நிஜமாகவே வலிக்கிற தொகை வரும். அதையும் கீழே சொல்கிறேன்.

மே மாதக் கல்லாவை வைத்தே கணிக்கலாம்

சமவெளிக் கடைக்காரருக்கு இந்தப் பதற்றம் மார்ச்சில் வரும். நமக்கு அதற்கு முன்பே வந்துவிடும். நிதியாண்டு தொடங்குவது ஏப்ரல் 1, நம் சீசன் தொடங்குவதும் அப்போதுதான். மலர்க் கண்காட்சி முடிந்து மே கடைசியில் கல்லாவை எண்ணும்போது, ஊட்டியில் டூரிஸ்டை நம்பியிருக்கும் பல கடைகளில் வருஷ வியாபாரத்தில் பெரும்பங்கு முடிந்திருக்கும்.

அதனால் ஜூன் முதல் வாரத்திலேயே கணக்குப் போட்டுவிடலாம். போன வருஷம் ஏப்ரல், மே இரண்டிலும் 14 லட்சம் விற்று, வருஷ மொத்தம் 34 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வருஷம் அதே இரண்டு மாதத்தில் 17 லட்சம் என்றால், மொத்தம் 41 லட்சத்தை ஒட்டி வரும். ஒப்பிடும் வருஷத்தை மட்டும் பார்த்து எடுங்கள். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. 2025 சீசனில் ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வந்தது. கொடைக்கானலுக்கு அது 4,000, 6,000. இதற்கெல்லாம் முந்தைய சீசனை வைத்து இன்றைய வருஷத்தைக் கணித்தால் தப்பாகத்தான் வரும்.

உங்கள் கோடு 40-ஆ, 20-ஆ, பூஜ்யமா?

தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு 2019 ஏப்ரல் 1 முதல் வரம்பு 40 லட்சம். சேவை என்றால் 20 லட்சம். இரண்டும் கலந்தாலும் 20 தான். கீழே சாக்லேட் கடை, மாடியில் டூரிஸ்டுக்கு விடும் இரண்டு ரூம், இரண்டும் ஒரே பான் எண்ணில் என்றால் உங்கள் கோடு 20. டீக்கடை உணவகச் சேவையில் வருவதால் அதற்கும் 20.

பலருக்குத் தெரியாமல் இருப்பது ஐஸ்கிரீம் விஷயம். ஐஸ்கிரீம், பான் மசாலா, புகையிலைப் பொருட்கள் இவற்றை விற்பவர்களுக்கு 40 லட்சச் சலுகை கிடையாது. தயாரிப்பவருக்கு மட்டும்தான் இந்தத் தடை என்று நினைத்துக்கொள்கிறார்கள். வாங்கி விற்பவரும் இதில் அடக்கம். சீசனுக்குக் கம்பெனிக்காரர் கொண்டுவந்து கடை வாசலில் இறக்கி வைக்கும் அந்த ஃப்ரீஸர் பெட்டி, உங்கள் கோட்டை 40-லிருந்து 20-க்கு இறக்கிவிடும். மளிகைக் கடை அலமாரியில் இருக்கும் பீடிக் கட்டுக்கும் அதே வேலைதான். ஐஸ்கிரீமில் வருஷத்துக்கு என்ன மிஞ்சுகிறது என்று பார்த்துவிட்டு, பெட்டியை வைத்துக்கொள்வதா திருப்பி அனுப்புவதா என்று முடிவு செய்யுங்கள்.

எதையெல்லாம் கூட்ட வேண்டும்? ஒரே பான் எண்ணில் இந்தியா முழுக்க நடக்கும் விற்பனை எல்லாம், வரி இல்லாத பொருள் உட்பட. கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு மட்டும் வாங்கி மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றுபவர் கோடிக்கணக்கில் விற்றாலும் பதிவு தேவையில்லை. சொந்தத் தோட்டத்தில் பறித்த பச்சைத் தேயிலையை ஃபேக்டரிக்குப் போடுபவருக்கும் தேவையில்லை. ஆனால் 60 லட்சத்துக்குக் கேரட் ஏற்றும் மண்டிக்காரர், ஓரத்தில் ஒரு அலமாரி போட்டு 2 லட்சத்துக்குப் பூச்சி மருந்தும் விற்றால் அவருடைய மொத்தம் 62 லட்சம். கோடு தாண்டியாகிவிட்டது. இதைச் சொன்னதும் அலமாரியை எடுத்துவிடுகிறேன் என்பார்கள். அவசரப்பட வேண்டாம். காம்போசிஷன் என்று சின்ன வியாபாரிகளுக்கு ஒரு எளிய முறை உண்டு: வாடிக்கையாளரிடம் வரி வாங்காமல், விற்பனையில் ஒரு சின்னச் சதவீதத்தை நாமே கட்டுவது. அதில் வாங்கி விற்கும் வியாபாரிக்கு வரி விதிக்கத்தக்க விற்பனையில் மட்டும் 1 சதவீதம். 2 லட்சத்துக்கு 2,000 ரூபாய். வருஷத்துக்கு.

மூன்றாவது கோடு பூஜ்யம். வரியுள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு அனுப்பினால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். நீலகிரியில் இது எல்லோரையும் தொடும். கூடலூரில் மிளகு வாங்கி சுல்தான் பத்தேரிக்கு ஜீப்பில் அனுப்புபவருக்குக் கேரளம் பக்கத்து ஊர், சட்டத்துக்கு அது வேறு மாநிலம். "போன தடவை வாங்குன ரோஸ்டட் ஆல்மண்ட் ஒரு கிலோ பார்சல் பண்ணுங்க அண்ணா" என்று பெங்களூரிலிருந்து வாட்ஸ்அப்பில் கேட்பார்கள், நீங்களும் கூரியரில் போடுவீர்கள். அந்த ஒரு டப்பா போதும்.

அதே பெங்களூர்க்காரர் கடைக்கு வந்து கையில் வாங்கிப் போனால் அது தமிழ்நாட்டு விற்பனை. பில்லில் அவருடைய மாநிலத்தை எழுதி வைக்காதீர்கள். 2023 அக்டோபர் முதல், பதிவில்லாத வாடிக்கையாளருக்குப் போடும் பில்லில் எந்த மாநிலம் எழுதியிருக்கிறதோ அங்கேதான் விற்பனை நடந்ததாகக் கணக்கு. எதுவும் எழுதாவிட்டால் கடை இருக்கும் இடம். பில்லிங் மென்பொருளில் ஊர் கேட்கும் கட்டம் இருக்கிறதே என்று பையன்கள் நிரப்பிவிடுவார்கள். அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

வெளி மாநிலத் தடைக்கு ஒரு விலக்கு கைவினைப் பொருட்களுக்கு உண்டு. தோடர் பூத்தையல் சால்வை போன்ற கையால் செய்த பொருட்களை, வரம்புக்குள் இருக்கும் வரை, பதிவில்லாமலே வெளி மாநிலத்துக்கு அனுப்பலாம். பான் எண்ணும், சரக்கை அனுப்ப ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில்லும் வேண்டும்.

தாண்டினால் எவ்வளவு?

ஹோம்மேட் சாக்லேட் கடையையே எடுத்துக்கொள்வோம். வருஷ விற்பனை 60 லட்சம். சாக்லேட் ஸ்லாப், முந்திரி, பாதாம், அட்டைப்பெட்டி எல்லாம் சேர்த்து மூலப்பொருள் 30 லட்சம், அதன் மேல் நாம் கொடுக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம் என்றால் 1,50,000 ரூபாய்.

பதிவே இல்லாதவர் வரி கட்டுவதில்லை என்று நினைக்கிறோம். அவரும் அந்த 1,50,000-ஐக் கொள்முதலில் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். திரும்பக் கேட்க முடியாது, அவ்வளவே.

காம்போசிஷனில் சேர்ந்தால் மொத்த விற்பனையில் 1 சதவீதம், அதாவது 60,000. கொள்முதல் வரியைக் கழிக்க முடியாது. ஆக மொத்தச் சுமை 2,10,000.

ரெகுலராக, அதாவது விற்பனைக்கு முழு வரி போட்டு, கொள்முதலில் கட்டியதைக் கழித்துக்கொள்ளும் வழக்கமான முறையில் பதிவு செய்தால்? டூரிஸ்டிடம் விலையை ஏற்ற முடியாது, 60 லட்சத்துக்குள்ளேயே 5 சதவீத வரி அடங்கியிருக்கிறது என்று வைத்தால் வரி 2,85,714. இதில் கொள்முதலில் கட்டிய 1,50,000 கழியும், மீதி 1,35,714 செலுத்த வேண்டும். மொத்தச் சுமை 2,85,714.

இப்போது 40 லட்சத்துக்குள் நிற்பவரைப் பாருங்கள். காம்போசிஷனில் கூடுதலாகப் போகக்கூடிய 60,000 ரூபாய்க்குப் பயந்து 20 லட்ச ரூபாய் விற்பனையை விடுகிறார். மூலப்பொருள் போக அதில் 10 லட்சம் நிற்கும். சம்பளம், கரண்ட், வாடகை என்று எவ்வளவு கழித்தாலும் 60,000-க்குக் கீழே போகாது. பிப்ரவரியில் கடையைச் சாத்திவிட்டு சொந்த ஊருக்குப் போகிறேன் என்றவரிடம் இந்தத் தாளைத்தான் காட்டினேன். அவர் கடைசியில் போனார், ஆனால் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

இன்னொன்று. முதல் முறை தாண்டும் வருஷத்தில், தாண்டிய பிறகு நடக்கும் விற்பனைக்குத்தான் காம்போசிஷன் வரி. மார்ச்சில் 41 லட்சத்தில் வருஷம் முடிந்தால் கட்ட வேண்டியது 1 லட்சத்தில் 1 சதவீதம், 1,000 ரூபாய். அடுத்த ஏப்ரலிலிருந்துதான் முதல் ரூபாய்க்கும் வரி வரும். அதனால் மார்ச்சில் பில் புத்தகத்தை மூடி வைப்பதில் துளியும் லாபமில்லை.

இந்தப் பயம் ஒரு காலத்தில் நியாயமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 22-க்கு முன்னால் சாக்லேட்டுக்கு 18 சதவீதம். அப்போது இதே கடை ரெகுலருக்குப் போனால் 60 லட்சத்துக்குள் அடங்கிய வரி 9,15,000-க்கு மேல். காம்போசிஷனில் 60,000-மும், கொள்முதல் வரிகளையும் 18 என்றே வைத்தால் 5,40,000-மும் சேர்த்து 6 லட்சம். வித்தியாசம் 3 லட்சத்துக்கு மேல். இன்று அது 75,714. பழைய வித்தியாசத்துக்காகச் செய்த ஏற்பாடுகளை இன்னும் கலைக்காமல் வைத்திருப்பவர்கள் ஊட்டியில் நிறைய. பார்சல் ஆர்டர் வருஷம் முழுக்க வருகிறது என்றால் இன்றைய கணக்கில் ரெகுலருக்கே போய்விடலாம், ஏனென்றால் காம்போசிஷனில் இருப்பவர் வெளி மாநிலத்துக்கு விற்கக் கூடாது. கோயம்புத்தூர் மொத்த வியாபாரிக்குச் சரக்குப் போடுபவருக்கும் அதே பதில். அவர் உங்கள் பில்லில் வரிக் கழிவு எதிர்பார்ப்பார், காம்போசிஷன் பில்லில் அது கிடைக்காது.

மனைவி பெயரில் இன்னொரு கடை

கடையைப் பிரிப்பது பழைய வழக்கம். ஜிஎஸ்டிக்கு முன்னால் கலால் வரிக் காலத்தில் சிறுதொழிலுக்கு 1.5 கோடி வரை விலக்கு இருந்தது. ஒரே கூரைக்குக் கீழே மூன்று பெயர்ப் பலகையோடு கம்பெனிகள் நடந்தன. அதிகாரிகள் வந்து மூன்றையும் ஒன்றாகக் கூட்டி வரி கேட்டார்கள், வழக்குகள் வருஷக்கணக்கில் இழுத்தன. அப்போது கேட்ட கேள்விகளையே இப்போதும் கேட்கிறார்கள்: முதல் யார் போட்டது, முடிவு யார் எடுப்பது, பணம் எங்கே போய்ச் சேர்கிறது.

கல்லாப்பெட்டி மேல் இரண்டு க்யூஆர் அட்டை நிற்கும். நவம்பர் வரை இடது பக்க அட்டை. அதன் பிறகு அது கவிழ்ந்து படுத்துவிடும், வலது பக்க அட்டை வேலை செய்யும். ஒரே கல்லா, ஒரே தராசு, சாக்லேட் வெட்டும் பையன் ஒருவனே, இரண்டு "நிறுவனத்துக்கும்" சரக்கு ஒரே டிரம்மிலிருந்து. இதைப் பார்க்க அதிகாரி வர வேண்டியதில்லை, வாடிக்கையாளருக்கே தெரியும். இடது கணக்கில் டிசம்பரிலிருந்து வரவு அறுந்து நிற்பதும் வலது கணக்கில் அன்றைக்கே தொடங்குவதும் வங்கி ஸ்டேட்மென்ட்டில் பளிச்சென்று தெரியும்.

நிஜமாகவே இரண்டு தொழில் என்றால் இரண்டு பான் வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. என்னிடம் வரும் ஒரு குடும்பத்தில் வீட்டுக்காரர் பேக்கரி நடத்துகிறார், அம்மா எதிர்ச் சாரியில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கிறார். கொள்முதல் வேறு, வங்கிக் கணக்கு வேறு, வாடகை ஒப்பந்தம் வேறு, கரண்ட் மீட்டர் வேறு, ஸ்வெட்டர் கடையில் எதை வாங்குவது என்று வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது. இதை யாரும் சேர்த்துக் கூட்ட மாட்டார்கள். அந்த அளவுக்குப் பிரிக்க முடியாவிட்டால் பிரிக்காதீர்கள்.

பிரித்தால் என்ன செலவு என்பதையும் தாளில் எழுதுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு இரண்டு, லேபிள் இரண்டு, எனக்குக் கொடுக்கும் சம்பளமும் இரண்டு. (இதில் எனக்கு லாபம், ஆனாலும் சொல்கிறேன்.) பெரிய செலவு வங்கியில் வரும். சின்னத் தொழிலுக்கு நடப்பு மூலதனக் கடன் வரம்பை வங்கிகள் பொதுவாக விற்பனையில் 20 சதவீதம் என்று போடும். 60 லட்சம் காட்டினால் 12 லட்சம். 38 லட்சம் காட்டினால் 7,60,000. சீசனுக்கு முன் பிப்ரவரியில் சாக்லேட் ஸ்லாப் மொத்தமாக வாங்கிப் போடப் பணம் தேடுபவருக்கு இந்த 4,40,000 என்னவென்று தெரியும். அதைக் கந்துவட்டியில் புரட்டினால் காம்போசிஷன் வரியைப் போல எத்தனை மடங்கு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்டையை ஒளித்து வைப்பவர்களுக்கு

2025 ஜூலையில் கர்நாடகத்தில் நடந்தது ஞாபகம் இருக்கும். யுபிஐ வரவை வைத்து, 2021-22-லிருந்து கணக்கெடுத்து, பதிவில்லாத சின்னக் கடைகளுக்கு வரித்துறை நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூரில் கடை கடையாக "யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்" என்று எழுதி ஒட்டினார்கள். வரியே இல்லாத காய்கறி, பால் விற்றவர்களுக்கும் நோட்டீஸ் போய், சண்டை கிளம்பி, அரசு இறங்கி வந்தது. அங்கிருந்து நம் ஊருக்கு வரும் டூரிஸ்ட் பாக்கெட்டில் ரொக்கம் வைத்துக்கொள்வதில்லை. அட்டையை எடுத்தால் அவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

மாட்டினால் கணக்கு இப்படி: 20 லட்சத்தை மறைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 5 சதவீத வரி 1 லட்சம், கையிலிருந்து. பதிவு செய்ய வேண்டியவர் செய்யாமல் விட்டால் அபராதம் 10,000 அல்லது ஏய்த்த வரி அளவு, எது அதிகமோ அது. ஆக இன்னொரு லட்சம். வருஷத்துக்கு 18 சதவீத வட்டி தனி. காம்போசிஷன் சலுகையைப் பின்தேதியிட்டுக் கேட்க முடியாது. முறையாகச் சேர்ந்திருந்தால் இதே 20 லட்சத்துக்கு 20,000.

"ஜிஎஸ்டி போட்டா இன்கம்டாக்ஸ்காரன் வந்துடுவான்" என்பது இன்னொரு பயம். 2 கோடி வரை (ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 3 கோடி வரை) விற்பனை உள்ள கடைக்காரர் அனுமான முறையில், வங்கி வழி வந்த பணத்தில் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் லாபம் என்று காட்டலாம். 60 லட்சமும் யுபிஐ என்றால் 3,60,000. 2025-26-க்கான புதிய முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. உண்மை லாபம் அதைவிட அதிகமாக இருந்து, அதையே காட்டினாலும் 12 லட்சம் வரை தள்ளுபடி உண்டு. யுபிஐயை எடுத்து ரொக்கத்துக்கு மாறினால் 6 என்பது 8 ஆகும். அவ்வளவுதான் மிச்சம்.

ரூம் விடுபவர்களுக்கு நிலைமை வேறு

கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்குக் கோடு 20 லட்சம். கூட்டும்போது புக்கிங் தளம் கமிஷன் கழித்து அனுப்பிய தொகையைக் கூட்டாதீர்கள், விருந்தாளி கொடுத்த முழு வாடகையைக் கூட்டுங்கள். பதிவில்லாதவர் தளம் வழியாக விடும் ரூமுக்கு ஜிஎஸ்டியைத் தளமே கட்டிவிடும். பதிவு செய்த பிறகு அது உங்கள் பொறுப்பு.

சேவைக்கும் ஒரு காம்போசிஷன் உண்டு, 50 லட்சம் வரை, 6 சதவீதம். இன்றைக்கு அதில் சேராதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 வரையான ரூமுக்கு ரெகுலரிலேயே 5 சதவீதம்தான், கொள்முதல் கழிவு கிடையாது. அந்த 5-ஐ விருந்தாளியிடம் பில்லில் போட்டு வாங்கலாம். காம்போசிஷனின் 6 உங்கள் கையிலிருந்து போகும். உணவகத்துக்கும் இதே மாதிரிதான். இரண்டு முறையிலும் 5 சதவீதம், வாங்கும் உரிமை மட்டும் ரெகுலரில் இருக்கிறது.

சொந்த வீட்டில் நடத்துபவருக்குத் தாண்டுவது பெரிய விஷயமில்லை. குத்தகைக்கு எடுத்து நடத்துபவருக்குத்தான் நான் மேலே சொன்ன வலி. நீங்கள் பதிவு பெற்றவர், கட்டட உரிமையாளர் பதிவில்லாதவர் என்றால், அவருக்குக் கொடுக்கும் வாடகைக்கு 18 சதவீதத்தை நீங்களே கட்ட வேண்டும். மாத வாடகை 50,000 என்றால் 9,000, வருஷத்துக்கு 1,08,000. சாக்லேட் கடைக்காரர் ரெகுலரில் இருந்தால் இதைக் கழிவாக எடுத்துக்கொள்வார், காம்போசிஷனில் இருந்தால் கடை வாடகைக்கு இந்த விதியே கிடையாது. 5 சதவீத ரூம்காரருக்குக் கழிவு இல்லாததால் முழுவதும் செலவு. வருஷ வசூல் 24 லட்சம், 5 சதவீதத்தையும் விலைக்குள் அடக்க வேண்டிய நிலை என்றால் அது 1,14,000 சொச்சம், இரண்டும் சேர்த்து 2,22,000. 19 லட்சத்தில் நின்றால் என்ன மிஞ்சும், 24-ல் தாண்டினால் என்ன மிஞ்சும் என்று இங்கே உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும். தாண்டுவது என்று முடிவானால் அரைகுறையாகத் தாண்டாதீர்கள், இன்னும் இரண்டு ரூம் சேர்த்து 30-க்கு மேலே போகப் பாருங்கள். குத்தகை புதுப்பிக்கும்போது இந்த 18-ஐச் சொல்லி உரிமையாளரிடம் பேசுங்கள். "அது உங்க பிரச்சனைங்க" என்றுதான் முதலில் சொல்வார்.

கேன்டீன் வைத்திருக்கும் காட்டேஜ்காரர்கள் 7,500-ஐக் கவனியுங்கள். 7,501 ரூபாய் ரூமுக்கு 18 சதவீதம் என்பது தெரிந்ததே. வருஷப் பிறப்பு இரவில் ஒரே ஒரு ரூமை 9,000-க்கு விட்டாலும், அடுத்த நிதியாண்டு முழுக்க உங்கள் உணவகமும் 18 சதவீதத்துக்குப் போய்விடும். 2025 ஏப்ரல் முதல் இப்படி. டிசம்பர் 31-க்கு விலை வைக்கும்போது அடுத்த வருஷத்து இட்லியையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தாண்டியாச்சு, இனி?

கோடு தாண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பம் போட வேண்டும். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. "கவர்ன்மென்ட் ஃபீஸ்" என்று யாராவது வாங்கினால் அது அவருடைய ஃபீஸ். பான், ஆதார், புகைப்படம், வங்கிக் கணக்கு, கடைக்கான சான்று இவ்வளவும் வேண்டும். மலை ஊர்களில் இழுக்கும் இடம் கடைசி ஒன்று. கடை உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும், நடத்துபவர் இன்னொருவராக இருப்பார். உரிமம் உள்ளவரிடம் ஒப்புதல் கடிதமும், வரி ரசீது அல்லது கரண்ட் பில் நகலும் டிசம்பரிலேயே வாங்கி வையுங்கள். சீசனில் கேட்டால் வாடகையை உயர்த்தப் பேச ஆரம்பிப்பார்.

காம்போசிஷன் வேண்டுமென்றால் அதே விண்ணப்பத்திலேயே தேர்வு செய்ய வேண்டும். பிறகு பில்லின் தலையில், வரி வசூலிக்கத் தகுதியில்லாத காம்போசிஷன் வியாபாரி என்று அச்சிட வேண்டும், கடைப் பலகையிலும் எழுத வேண்டும். வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய் தனியாக வாங்கக் கூடாது. சொந்தமாக ஐஸ்கிரீம் தயாரிப்பவருக்கு இந்த வழி அடைப்பு. ரெகுலராகப் பதிவு செய்பவர், கையிருப்புச் சரக்குக்குக் கட்டிய வரியை 30 நாளுக்குள் படிவம் போட்டு எடுத்துக்கொள்ளலாம். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட பில் செல்லாது.

காம்போசிஷனில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அடுத்த மாதம் 18-க்குள், சிஎம்பி-08 போட்டு வரி கட்ட வேண்டும். வருஷத்துக்கு ஒரு ஜிஎஸ்டிஆர்-4, ஜூன் 30-க்குள். நம் ஊருக்கு இதில் ஒரு சிக்கல். சீசன் காலாண்டின் வரி ஜூலை 18-ல் வரும். அன்றைக்கு மழை கொட்டும், கடையில் ஆள் இருக்காது, சீசன் பணம் கடனுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போயிருக்கும். ஏப்ரலிலிருந்தே ஒவ்வொரு திங்கட்கிழமையும் போன வார விற்பனையில் 1 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிடச் சொல்வேன். செய்கிறவர்கள் ஜூலையில் போன் செய்வதில்லை.

மேலே இருக்கும் கோடுகள்

ரெகுலரிலிருந்து காம்போசிஷனுக்கு மாற நினைப்பவர் மார்ச் 31-க்குள் சிஎம்பி-02 போட வேண்டும், முந்தைய வருஷ விற்பனை 1.5 கோடிக்குள் இருக்க வேண்டும். நடுவில் 1.5 கோடி தாண்டினால் அன்றே காம்போசிஷன் முடிந்தது. 2 கோடி வரை ஆண்டுக் கணக்கு அறிக்கை விலக்கு.

5 கோடியில் மூன்று விஷயம் சேர்ந்து வரும். காலாண்டுத் தாக்கல் போய் மாதத் தாக்கல், பில்லில் பொருளின் வகையைக் காட்டும் எச்எஸ்என் எண் நான்கு இலக்கம் போய் ஆறு இலக்கம், பில்லை அரசுத் தளத்தில் பதிந்து எடுக்கும் இ-இன்வாய்ஸ். இங்கே பசுந்தேயிலை வாங்கித் தூளாக்கும் ஃபேக்டரிக்காரர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். காலாண்டுத் தாக்கலுக்கு முந்தைய வருஷ விற்பனையையும் நடப்பு வருஷ விற்பனையையும் மட்டும் பார்ப்பார்கள். தூள் விலை விழுந்து 4 கோடிக்கு இறங்கினால் அடுத்த வருஷம் திரும்பக் காலாண்டுக்கு வந்துவிடலாம். இ-இன்வாய்ஸ் அப்படியில்லை. 2017-18-லிருந்து எந்த ஒரு வருஷத்திலாவது 5 கோடியைத் தாண்டியிருந்தால், இன்றைக்கு ஃபேக்டரி பாதி நாள் மூடிக்கிடந்தாலும், பதிவு பெற்றவருக்குப் போடும் ஒவ்வொரு பில்லுக்கும் எடுக்க வேண்டும். நல்ல விலை கிடைத்த வருஷங்களின் பழைய ரிட்டர்னை எடுத்து இந்த ஒரு எண்ணை மட்டும் சரிபார்த்துவிடுங்கள்.